மளிகைக் கடைப் பையன் தேயிலை மன்னர் ஆனார்!

தேயிலை என்றதும் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று லிப்டன். மஞ்சள் சீட்டில் அச்சிட்ட அந்தப் பெயர் போகாத தேசம் மிகக் குறைவு. ஆனால் அது ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது.

சர் தாமஸ் லிப்டன் தேயிலையைக் கண்டுபிடித்தவர் அல்லர். இலங்கையில் முதன்முதலில் தேயிலை பயிரிட்டவரும் அல்லர். அவர் ஒரு மளிகைக் கடைக்காரர். பொருள் விளைகிற இடத்திலிருந்து அது சாப்பிடுகிறவர் வீட்டுக்கு வந்து சேரும் வரையில் உள்ள வழி மிக நீளமானது. அந்த வழி நெடுகிலும் கைகள் நீண்டு கொண்டிருந்தன. ஒவ்வொரு கையும் ஒரு பங்கை எடுத்துக் கொண்டது. லிப்டன் அந்த வழியைச் சுருக்கினார். வாழ்நாள் முழுவதும் அவர் செய்த காரியம் அது ஒன்றுதான். அதனாலேயே கோடீசுவரர் ஆனார்.

வழி சுருங்கியதால் மிச்சமான பணம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை? அந்த விவரமும் அவருடைய வாழ்க்கைக் கதையிலேயே இருக்கிறது. அதில் நம் தமிழ் மக்களின் கதையும் கலந்திருக்கிறது.

பஞ்சம் துரத்திய குடும்பம்

லிப்டனின் பெற்றோர் அயர்லாந்துக்காரர்கள். 1845-ல் அங்கே உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதுதான் உணவு. லட்சக்கணக்கான மக்கள் பட்டினியால் மாண்டார்கள். மேலும் லட்சக்கணக்கானவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். அப்படி ஓடி வந்தவர்களில் லிப்டன் குடும்பமும் ஒன்று. ஸ்காத்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகரில், கார்பல்ஸ் என்னும் ஏழைகள் பகுதியில் அவர்கள் குடியேறினார்கள்.

அங்கே தாமஸ் பிறந்தான். பிறந்த ஆண்டு 1850 என்று அவர் சொல்லி வந்தார். 1848 என்பதே சரி என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். நாள், மே மாதம் 10-ந் தேதி. கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் இளம் வயதிலேயே இறந்து விட்டார்கள்.

தந்தை கூலி வேலை பார்த்தார். பிறகு கிரவுன் தெருவில் சிறிய கடை ஒன்றைத் திறந்தார். வெண்ணெய், முட்டை, உப்பிட்ட பன்றி இறைச்சி, இவ்வளவுதான் சரக்கு. இந்தச் சரக்கை அவர்கள் கிளாஸ்கோவில் இருந்த மொத்த வியாபாரியிடம் வாங்கவில்லை. சொந்த ஊரில் தெரிந்த விவசாயி ஒருவர் கப்பலில் நேராக அனுப்பி வைத்தார். இடையில் தரகர் யாரும் இல்லை. அதனால் மற்றக் கடைகளைவிட இங்கே விலை கொஞ்சம் குறைவு. சரக்கும் புதியது. இந்தச் சங்கதி சிறுவன் தாமஸின் மனத்தில் ஆழப் பதிந்து விட்டது.

முட்டை விற்கும்போது அப்பா எடுத்துக் கொடுக்கக் கூடாது, அம்மாதான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று அவன் யோசனை சொன்னானாம். அம்மாவின் கை சிறியது. அந்தக் கையில் முட்டை பெரிதாகத் தெரியும்! வியாபார மூளை அப்போதே முளை விட்டிருந்தது.

அமெரிக்காவில் ஐந்து ஆண்டுகள்

13 வயதுக்குள் படிப்பு நின்றது. காகிதக் கடையில் எடுபிடி வேலை. பிறகு சட்டைக் கம்பெனியில் துணி வெட்டும் வேலை. அதன் பிறகு கிளாஸ்கோவுக்கும் அயர்லாந்தில் உள்ள பெல்பாஸ்டுக்கும் இடையே ஓடிய கப்பலில் சிற்றாள் வேலை. அந்தக் கப்பலில் கேட்ட கதைகள் அவனை இழுத்தன. சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசைக் கொடுத்து, 1860-களின் நடுவில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறி விட்டான்.

நியூயார்க்கில் இறங்கியபோது கையில் சில டாலர்களே இருந்தன. தங்கும் விடுதிக்காரர்கள் துறைமுகத்தில் ஆள் பிடித்துக் கொண்டிருந்தார்கள். தாமஸ் ஒரு விடுதிக்காரரிடம் பேரம் பேசினான். கூட வந்த பயணிகளில் ஒரு டஜன் பேரை அழைத்து வந்தால் தனக்கு ஒரு வாரம் இலவசமாக இடமும் சாப்பாடும் தர வேண்டும் என்பது பேரம். ஆட்கள் வந்தார்கள். அவனுக்கும் இடம் கிடைத்தது.

வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்தான். தென் கரோலினாவில் நெல் பயிரிடும் பண்ணையில் கணக்கு எழுதினான். நியூ ஆர்லியன்சில் வீடு வீடாகச் சென்று சரக்கு விற்றான். கடைசியாக நியூயார்க்கில் பெரிய கடை ஒன்றின் மளிகைப் பிரிவில் சேர்ந்தான். அங்கேதான் அவன் கண் திறந்தது. சரக்கை அழகாக அடுக்கி வைத்தார்கள். விலையை எழுதி ஒட்டினார்கள். வருகிறவர் ஏழையானாலும் மரியாதையாக நடத்தினார்கள். வாங்குகிறவர் கேட்கும் வரையில் காத்திராமல், விளம்பரம் செய்து அவரைக் கடைக்கு வரவழைத்தார்கள். இதெல்லாம் கிளாஸ்கோவில் அவன் பார்த்திராத புதுமை.

1870 வாக்கில் 500 டாலர் சேமிப்புடன் ஊர் திரும்பினான். தாய்க்காக ஒரு ஆடும் நாற்காலியும் ஒரு பீப்பாய் மாவும் கொண்டு வந்தான். அவற்றைச் சந்து வழியாகக் கொண்டு போகாமல், தெருவே பார்க்கும்படி வண்டியில் ஏற்றி வந்தான். அதுவே அவனுடைய முதல் விளம்பரம் என்று சொல்லலாம்.

முதல் கடை

1871 மே 10. தம் பிறந்த நாளன்று கிளாஸ்கோவில் ஸ்டாப்கிராஸ் தெருவில் லிப்டன் சொந்தக் கடையைத் திறந்தார். முதலாளியும் அவரே, சிப்பந்தியும் அவரே. இரவில் கடைப் பலகைக்குக் கீழேயே படுத்துக் கொள்வார்.

சரக்கு அதே மூன்று நான்குதான்: வெண்ணெய், முட்டை, பாலாடைக் கட்டி, பன்றி இறைச்சி. ஆனால் விற்கும் முறை புதியது. கடன் கிடையாது, ரொக்கம் மட்டுமே. எல்லாருக்கும் ஒரே விலை. விளக்குகள் பளிச்சென்று எரியும். கடையில் இருப்பவர்கள் வெள்ளை வெளேரென்ற உடை அணிந்திருப்பார்கள்.

லாபம் குறைவு, விற்பனை அதிகம் என்பது அவர் கணக்கு. வெண்ணெயும் முட்டையும் அழுகும் பொருள்கள். பெட்டியில் பத்து நாள் கிடந்தால் நஷ்டம். அந்த நஷ்டத்தையும் சேர்த்துத்தான் மற்றக் கடைக்காரர்கள் விலை வைத்தார்கள். லிப்டன் கடையிலோ காலையில் வந்த சரக்கு மாலைக்குள் தீர்ந்து விடும். கழிவு இல்லை, கடன் பாக்கி இல்லை, வட்டி இல்லை. இந்த மூன்றும் இல்லாததால் விலையைக் குறைத்த பிறகும் அவருக்கு லாபம் நின்றது.

காலமும் அவருக்குத் துணை செய்தது. பிரிட்டனில் ஆலைத் தொழிலாளர்களின் கையில் கொஞ்சம் பணம் புழங்கத் தொடங்கிய காலம் அது. நீராவிக் கப்பல்கள் பெருகின. அமெரிக்காவிலிருந்து கோதுமையும் இறைச்சியும் மலிவாக வந்து இறங்கின. ஏழைகள் முதன்முறையாக வாரம் முழுவதும் வெண்ணெயும் இறைச்சியும் வாங்க முடிந்தது. அவர்கள் வாசற்படிக்கு அருகில் கடை வைத்தவர் லிப்டன்.

ஒரு கடையின் லாபத்தில் அடுத்த கடை, அதன் லாபத்தில் இன்னொரு கடை என்று திறந்து கொண்டே போனார். பாங்கியில் கடன் வாங்கவில்லை. கிளாஸ்கோ முழுவதும் கடைகள். பிறகு டண்டீ, எடின்பரோ. அதன் பிறகு இங்கிலாந்து. 1890-களில் இருநூறுக்கும் மேற்பட்ட கடைகள் அவர் பெயரைத் தாங்கி நின்றன.

தரகருக்கு இடமில்லை

கடைகள் பெருகியதும் சரக்குத் தேவையும் பெருகியது. அப்போது தம் பெற்றோரின் சின்னக் கடையில் கற்ற பாடத்தை லிப்டன் பெரிய அளவில் நடத்திக் காட்டினார்.

அயர்லாந்து விவசாயி வெண்ணெய் கடைந்தால் அதை உள்ளூர் வியாபாரி வாங்குவார். அவரிடமிருந்து துறைமுக வியாபாரி வாங்குவார். பிறகு இறக்குமதிக்காரர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் என்று கை மாறிக் கொண்டே போகும். ஒவ்வொரு கையிலும் விலை ஏறும். நாளும் ஓடும். லிப்டன் தாமே அயர்லாந்துச் சந்தைகளுக்குப் போனார். ரொக்கத்தை நீட்டி விவசாயிகளிடம் நேராக வாங்கினார். கைக்குக் கை பணம் கிடைத்ததால் விவசாயிக்கு மகிழ்ச்சி. விலை குறைந்ததால் கிளாஸ்கோ இல்லத்தரசிக்கும் மகிழ்ச்சி. நடுவில் இருந்தவர்களுக்கு மட்டுமே வருத்தம்.

பன்றி இறைச்சிக்கு அயர்லாந்து போதவில்லை. லிப்டன் அமெரிக்கா சென்றார். நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒமாகா நகரில் இறைச்சி பதப்படுத்தும் ஆலை நடத்தினார். 1887-ல் அதை விற்று விட்டு, சிக்காகோவில் தொழிலைத் தொடர்ந்தார். இங்கிலாந்தில் பழத் தோட்டமும் ஜாம் ஆலையும் வைத்தார். கடையில் விற்கும் பொருளை விளைவிப்பதும், பக்குவம் செய்வதும், கட்டுவதும், விற்பதும் ஒரே முதலாளியின் கையில் வந்து சேர்ந்தன. பண்ணை முதல் பந்தி வரை ஒரே சங்கிலி என்று இன்று நிர்வாகக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறார்கள். லிப்டன் அந்தக் கல்லூரி வாசலை மிதிக்காமலேயே அதைச் செய்து விட்டார்.

பன்றி ஊர்வலம்

விளம்பரத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கொழுத்த பன்றிகளுக்கு ரிப்பன் கட்டி, லிப்டன் கடைக்குப் போகும் அநாதைகள் என்று எழுதிய பதாகையுடன் தெருவில் ஊர்வலம் விட்டார். போக்குவரத்து நின்றது. ஊரே சிரித்தது.

கடை வாசலில் இரண்டு கண்ணாடிகளை மாட்டினார். உள்ளே நுழைகிறவர் ஒரு கண்ணாடியில் ஒட்டி உலர்ந்து எலும்பும் தோலுமாகத் தெரிவார். சாமான் வாங்கிக் கொண்டு வெளியே வரும்போது மற்றொரு கண்ணாடியில் பருத்துக் கொழுத்துத் தெரிவார்!

1881-ம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு அமெரிக்காவிலிருந்து மலை போன்ற ஒரு பாலாடைக் கட்டியை வரவழைத்தார். அதற்குள் தங்கப் பவுன்களை ஒளித்து வைத்திருப்பதாக அறிவித்தார். கூட்டத்தை அடக்கப் போலீசார் வர வேண்டியதாயிற்று. சில மணி நேரத்தில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. பவுன் தொண்டையில் சிக்கிவிடப் போகிறது என்று போலீசார் எச்சரித்தபோது, அந்த எச்சரிக்கையையே லிப்டன் விளம்பரமாகப் போட்டு விட்டார் என்பார்கள்.

காப்பி போய்த் தேயிலை வந்தது

1889-ல் லிப்டனின் தாய் மறைந்தார். அடுத்த ஆண்டு தந்தையும் மறைந்தார். லிப்டன் கலியாணம் செய்து கொள்ளவில்லை. உலகில் அவருக்கு இருந்த உறவு அவ்வளவுதான். துக்கத்தை மறக்கத் தொழிலில் மூழ்கினார். அந்தத் தொழில், தேயிலை.

அப்போது பிரிட்டனில் ஆளுக்கு ஆண்டுக்கு 5 ராத்தல் அளவில் தேயிலை செலவாயிற்று. ஆனால் நல்ல தேயிலை ராத்தல் இரண்டரை ஷில்லிங், மூன்று ஷில்லிங் என்று விற்றது. தோட்டத்திலிருந்து கொழும்பு ஏஜென்சிக் கம்பெனி, பிறகு கப்பல், லண்டன் கிடங்கு, மின்சிங் சந்தில் இருந்த ஏலத் தரகர்கள், கலவை செய்யும் மொத்த வியாபாரி, கடைசியில் சில்லறைக் கடை. வெண்ணெயில் பார்த்த அதே நீண்ட வழியை லிப்டன் இங்கேயும் கண்டார்.

இலங்கையிலோ ஒரு பெரும் மாறுதல் நடந்து கொண்டிருந்தது. அதுவரை அந்த மலைகளில் விளைந்தது காப்பி. 1869-ல் காப்பி இலையில் ஒரு பூஞ்சை நோய் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தொழிலே படுத்து விட்டது. 1884-ல் ஓரியண்டல் பாங்கி முறிந்தது. துரைமார்கள் பலர் தோட்டங்களைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்கள்.

மிஞ்சியவர்களைக் காப்பாற்றியது தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காத்லாந்துக்காரர் 1867-ல் கண்டிக்கு அருகே லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார். அந்த வழியை மற்றவர்களும் பின்பற்றினார்கள். 1890-ல் தேயிலை 2 லட்சம் ஏக்கரைத் தாண்டி விட்டது.

கொழும்பில் இறங்கினார்

அந்த 1890-ம் ஆண்டில் லிப்டன் ஆஸ்திரேலியாவுக்குப் போவதாகச் சொல்லிக் கப்பல் ஏறினார். வழியில் கொழும்பில் இறங்கி விட்டார். நேராக மலைக்குப் போனார். ஊவாப் பகுதியில் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். தோட்ட விலை சரிந்து கிடந்த சமயம் அது.

தம்பேதன்னையில் பெரிய தொழிற்சாலை கட்டினார். செங்குத்தான சரிவுகளிலிருந்து கொழுந்து மூட்டைகள் கம்பி வடத்தில் தொங்கியபடி தொழிற்சாலைக்கு இறங்கி வந்தன. கொழுந்து பறித்த சில மணி நேரத்தில் வாட்ட வேண்டும். பிறகு உருட்டிப் புளிக்கவைத்து உலர்த்த வேண்டும். நேரம் தவறினால் மணம் போய்விடும். நான்கைந்து ராத்தல் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு ராத்தல் தூள் கிடைக்கும். சுமையைத் தூக்கி நடக்கும் நேரத்தைக் கம்பி வடம் மிச்சப்படுத்தியது. 1893-ல் அப்புத்தளைக்கு ரயில் வந்ததும் கொழும்புக்கு வழி இன்னும் சுருங்கியது.

தோட்டத்துக்கு மேலே, 6,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் ஒரு மலை முனை இருக்கிறது. லிப்டன் அங்கே உட்கார்ந்து தம் தோட்டங்களைப் பார்ப்பாராம். இன்றும் லிப்டன் இருக்கை என்றே அதை அழைக்கிறார்கள்.

பாதி விலை

லிப்டன் தம் தேயிலையை ராத்தல் 1 ஷில்லிங் 7 பென்சுக்கு விற்றார். மற்றவர்கள் கேட்ட விலையில் ஏறத்தாழப் பாதி!

அதுவரையில் தேயிலையைப் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுப்பார்கள். எடையில் மோசம் இருக்கும், கலப்படமும் இருக்கும். லிப்டன் கால் ராத்தல், அரை ராத்தல், ஒரு ராத்தல் பொட்டலங்களாகக் கட்டி, தம் பெயரை அச்சிட்டு விற்றார். எடை, தரம், விலை மூன்றுக்கும் அந்தப் பெயரே ஜாமீன் ஆயிற்று. ஊருக்கு ஊர் தண்ணீர் வேறுபடும் என்பதால், அந்தந்த ஊர்த் தண்ணீருக்கு ஏற்றபடி தூளைக் கலந்து தந்தார்.

தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்ப் பாத்திரத்துக்கு வருகிறது என்பது அவருடைய விளம்பரம். இது முழு உண்மை அல்ல. அவருடைய கடைகளில் விற்ற அவ்வளவு தேயிலையையும் அவருடைய தோட்டங்களால் விளைவித்திருக்கவே முடியாது. பெரும் பகுதியை அவர் ஏலத்தில்தான் வாங்கினார். ஆனால் சொந்தத் தோட்டம் இருந்ததால் அடக்க விலை என்னவென்று அவருக்குத் தெரியும். தரகர்கள் அவரை ஏமாற்ற முடியாது. ஜனங்களுக்கும் அந்தத் தோட்டத்தின் படம் பிடித்திருந்தது.

விலை குறைந்ததற்கு அவர் மட்டுமே காரணமும் அல்லர். இந்தியாவிலும் இலங்கையிலும் இயந்திரத்தால் பக்குவம் செய்த தேயிலை மலிவாக வந்தது. 1890-ல் பிரிட்டிஷ் சர்க்கார் தேயிலை வரியை ராத்தலுக்கு 6 பென்சிலிருந்து 4 பென்சாகக் குறைத்தது. காற்று அடித்தபோது பாயை விரிக்கத் தெரிந்தவர் லிப்டன்.

ஒரு முறை அவர் போன கப்பல் செங்கடலில் தரை தட்டியது. பாரத்தைக் குறைக்க மூட்டைகளைக் கடலில் எறிந்தார்கள். எறிவதற்கு முன்னால் ஒவ்வொரு மூட்டையின் மேலும் லிப்டன் தேயிலை குடிக்கும்படி எழுத வைத்து விட்டார் அவர்! மூட்டைகள் கரை ஒதுங்கினால் விளம்பரம் ஆகுமே!

மலையில் கொழுந்து பறித்தவர்கள்

இந்தத் தேயிலையைப் பறித்த கைகள் யாருடையவை? தமிழர்களுடையவை.

திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை, சேலம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டு இலங்கை சென்றவர்கள் அவர்கள். அயர்லாந்தில் லிப்டன் குடும்பத்தை விரட்டிய அதே பசிதான் இவர்களையும் விரட்டியது. மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் காலராவிலும் காய்ச்சலிலும் மடிந்தார்கள். லிப்டன் தோட்டம் வாங்கிய காலத்தில் இலங்கைத் தோட்டங்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் இருந்தார்கள்.

அவர்களை ஊரிலிருந்து அழைத்து வந்தவர் கங்காணி. வழிச் செலவுக்கு முன்பணம் கொடுப்பார். அந்தக் கடன் தொழிலாளியின் தலையில் ஏறும். தோட்டம் விட்டுத் தோட்டம் போக வேண்டுமானால் அந்தக் கடனைத் தீர்ப்பதாகத் துண்டுச் சீட்டு வேண்டும். துண்டு இல்லாமல் வேறு துரை வேலை தர மாட்டார். விடியற்காலையில் தப்புச் சத்தம் கேட்டதும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். பிறகு முதுகில் கூடையோடு மலையேற வேண்டும். இரவில் லயத்தில் ஒரே ஓர் அறையில் குடும்பம் முழுவதும் முடங்க வேண்டும்.

லண்டனில் தரகரை நீக்கத் தெரிந்த வியாபாரம், மலையில் இருந்த இந்தக் கங்காணியை நீக்கவில்லை. ஆள் கொண்டு வரவும், ஆளைக் கட்டி வைக்கவும் கங்காணி தேவைப்பட்டார். அயர்லாந்து விவசாயி தன் வெண்ணெய்க்கு விலை பேசலாம்; பிடிக்கவில்லை என்றால் வேறு ஒருவருக்கு விற்கலாம். கொழுந்து பறித்த பெண்ணுக்கு விலை பேச ஒன்றும் இல்லை. கொழுந்து துரையுடையது, நிலம் துரையுடையது, கடன் மட்டுமே அவளுடையது.

இது லிப்டன் தோட்டங்களில் மட்டும் இருந்த வழக்கம் அல்ல. இலங்கைத் தோட்டங்கள் முழுவதிலும் அதுதான் முறை. தேயிலை விலையைப் பாதியாக்கிய பெருமை லிப்டனைச் சேர்ந்தது. அந்த மலிவின் பாரத்தில் ஒரு பங்கைச் சுமந்தவர்கள் இவர்கள்.

துண்டு முறை 1921-ல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927-ல் வந்தது. தஞ்சையிலிருந்து சென்ற கோ. நடேசய்யர் 1931-ல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார்.

கொடையும் பட்டமும்

1897-ல் விக்டோரியா மகாராணியின் வைர விழா. லண்டன் ஏழைகளுக்கு விருந்து வைக்க இளவரசி அலெக்சாண்ட்ரா நிதி திரட்டினார். பணம் சேரவில்லை. லிப்டன் 25,000 பவுன் கொடுத்தார். ஏழைகளுக்கு மலிவுச் சாப்பாட்டுச் சாலை அமைக்கப் பிறகு ஒரு லட்சம் பவுன் கொடுத்தார். 1898-ல் சர் பட்டம் கிடைத்தது. 1902-ல் பாரனெட் பட்டமும் வந்தது.

அதே 1898-ல் தம் வியாபாரத்தை 25 லட்சம் பவுன் மூலதனத்தில் கூட்டுக் கம்பெனியாக மாற்றினார். பங்கு வாங்க ஜனங்கள் முண்டியடித்தார்கள். பஞ்சத்தில் பிழைக்க வந்த குடும்பத்தின் பிள்ளை, பிரிட்டனின் பெருஞ் செல்வர்களில் ஒருவராகி விட்டார்.

பிறகு அவர் மனம் கடலில் போயிற்று. அமெரிக்கக் கோப்பை என்னும் பாய்மரப் படகுப் போட்டியில் 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஐந்து முறையும் ஷாம்ராக் என்ற பெயருள்ள படகுகளைக் கொண்டு போட்டியிட்டார். ஐந்து முறையும் தோற்றார். 1920-ல் முதல் இரண்டு பந்தயங்களில் வென்று, கோப்பை கைக்கு எட்டியும் நழுவிற்று. ஆனால் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. 1930-ல் அமெரிக்க மக்கள் தாங்களே பணம் சேர்த்து, அவருக்கு ஒரு தங்கக் கோப்பை செய்து கொடுத்தார்கள். தோற்றவருக்குக் கிடைத்த பரிசு அது. அமெரிக்காவில் அவர் தேயிலைக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் வேறில்லை.

கடைசிக் காலம்

அவர் கடலில் இருந்தபோது கடை தளர்ந்தது. ஒவ்வொரு கடையையும் தம் கண்ணால் பார்த்து வந்தவரை வைத்து வளர்ந்த வியாபாரம் அது. அந்தக் கண் வேறு பக்கம் திரும்பியதும் குறைகள் புகுந்தன. 1914-ல் ராணுவ உணவுச்சாலை ஒப்பந்தங்களுக்காக லஞ்சம் கொடுத்த வழக்கில் கம்பெனியின் சிப்பந்திகள் சிலர் தண்டிக்கப்பட்டார்கள். லிப்டன் மீது குற்றச்சாட்டு இல்லை. ஆனாலும் அவர் பெயர் வாடியது. முதல் உலகப் போரில் தம் உல்லாசக் கப்பலைக் காயம்பட்டவர்களுக்காகக் கொடுத்தார். 1915-ல் விஷக்காய்ச்சல் பரவிய செர்பியாவுக்கு மருத்துவக் குழுவினரையும் மருந்துகளையும் கொண்டு சென்றார்.

போருக்குப் பின் கம்பெனியின் லாபம் சுருங்கியது. பங்குதாரர்கள் முணுமுணுத்தார்கள். 1927-ல் அவருடைய பங்குகள் கை மாறின. நிர்வாகம் வேறு கைக்குப் போயிற்று.

1931 அக்டோபர் 2-ந் தேதி லண்டனில் தம் இல்லத்தில் லிப்டன் காலமானார். கிளாஸ்கோவில் பெற்றோரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். சொத்தின் பெரும் பகுதியைத் தாம் பிறந்த நகரின் ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் எழுதி வைத்திருந்தார்.

அதன் பிறகு

அவருடைய கம்பெனி காலப்போக்கில் யூனிலீவர் என்னும் பெரு நிறுவனத்தில் கலந்தது. 2022-ல் யூனிலீவர் தன் தேயிலை வியாபாரத்தின் பெரும் பகுதியை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்று விட்டது. முதலாளிகள் மாறினார்கள், பொட்டலத்தின் மேல் இருக்கும் பெயர் மாறவில்லை.

மலையிலும் பல மாறுதல்கள் வந்தன. சுதந்திர இலங்கையில் 1948-ல் வந்த சட்டம் தோட்டத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 ஒப்பந்தத்தால் லட்சக்கணக்கானவர்கள் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். 1975-ல் கம்பெனித் தோட்டங்கள் சர்க்கார் உடைமை ஆயின. 1992-ல் நிர்வாகம் மீண்டும் தனியாரிடம் போயிற்று. நாட்கூலி 1,000 ரூபாய் வேண்டும் என்று தொழிலாளர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 2021-ல்தான் அது கிடைத்தது.

லிப்டன் கட்டிய தம்பேதன்னைத் தொழிற்சாலை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிற்கிறது. உல்லாசப் பயணிகள் மலை ஏறி, அவர் உட்கார்ந்த இடத்தில் நின்று படம் எடுத்துக் கொள்கிறார்கள். அவர்கள் ஏறும் பாதைக்கு இருபுறமும் தமிழ்ப் பெண்கள் கொழுந்து பறித்துக் கொண்டிருக்கிறார்கள்.

விளைவிக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் இடையே உள்ள தூரம் குறைந்தால் விலை குறையும் என்பதை லிப்டன் உலகத்துக்குக் காட்டினார். அப்படி மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு உழைத்தவருக்கும் போய்ச் சேர வேண்டும். அதற்கு உழைத்தவர் கையில் பேரம் பேசும் பலம் இருக்க வேண்டும். அந்தப் பலம் அயர்லாந்து விவசாயிக்கு இருந்தது. மலைநாட்டுத் தொழிலாளியோ அதைச் சங்கம் வைத்துத்தான் தேட வேண்டியிருந்தது.